சர்வீஸும் சர்வீஸும் ஒத்துப்போகாதபோது: அறிகுறி வாரியாகப் பிழை நீக்கும் வழி

பாரிமுனையைச் சுற்றியுள்ள கிளியரிங் அலுவலகங்கள், மாதவரம் லாரி புக்கிங் ஆபீஸ்கள், காசிமேட்டு மீன் ஏற்றுமதிக்காரர்கள், எம்.சி. ரோட்டு ஜவுளி மொத்த வியாபாரிகள். எனக்கு வரும் வேலை பெரும்பாலும் இவர்களிடமிருந்துதான். எல்லோரிடமும் ஒரு பழைய மென்பொருள் இருக்கும். யாரோ எப்போதோ எழுதிக் கொடுத்தது, இன்றைக்கும் நன்றாகவே ஓடும். அதன் பக்கத்தில் புதிதாக ஒன்று வந்து நிற்கும்: இ-வே பில், இ-இன்வாய்ஸ், வங்கியின் பேமென்ட் ஏபிஐ (மென்பொருள்கள் நேரடியாகப் பேசும் வாசல்), கன்டெய்னர் யார்டின் கேட் பாஸ் சர்வீஸ். இரண்டும் ஒன்றோடொன்று பேச வேண்டும். பேசாது.

"அண்ணே, வண்டி மணலி யார்டு கேட்ல நிக்குது, பாஸ் போக மாட்டேங்குது."

"திரையில என்ன நம்பர் வருது தம்பி?"

போனில் நான் முதலில் கேட்பது இதைத்தான்: எதிர்ப்பக்கம், அதாவது நீங்கள் பேசும் மறு சர்வீஸ், பதிலோடு அனுப்பும் ஸ்டேட்டஸ் எண். 200 என்றால் வெற்றி, 400-க்கு மேலே பிழை. அந்த எண்ணை வைத்தே கீழே பிரித்திருக்கிறேன். ஒவ்வொரு அறிகுறிக்கும் காசு செலவில்லாத காரணம் முதலில், பணத்தைக் கரைக்கும் காரணம் கடைசியில்.

## தொடுவதற்கு முன்

போன கோரிக்கையும் வந்த பதிலும் ஒரு எழுத்து மாறாமல் கையில் இருக்க வேண்டும். புரோகிராம் தன் லாக்கில் அழகுபடுத்தி எழுதிவைத்த வடிவம் போதாது. கோரிக்கை அனுப்பிப் பார்க்க உதவும் கர்ல் கட்டளையை 'மைனஸ் வி' போட்டு ஓட்டினால் ஹெடர்கள் (கோரிக்கையின் தலையில் போகும் விவர வரிகள்), சான்றிதழ், ஸ்டேட்டஸ் எண் எல்லாம் தெரியும். அதைப் பழுதான சர்வரிலிருந்தே, அந்தப் புரோகிராம் ஓடும் அதே யூசரில் ஓட்டுங்கள். உங்கள் லேப்டாப்பில் சரியாக வருகிறது என்பதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. லேப்டாப்பின் ஐபி வேறு, சான்றிதழ்ப் பட்டியல் வேறு, நடுவில் நின்று கோரிக்கையைக் கடத்தும் ப்ராக்ஸி வேறு.

இரண்டு பக்கத்துப் புரோகிராமர்களும் "எங்க சைடு ஓகே சார்" என்பார்கள். பெரும்பாலும் இருவர் சொல்வதும் உண்மைதான். இந்த வகைப் பிழை நடுவில் இருக்கும். அதனால் இவர் அனுப்பியதையும் அவருக்குப் போய்ச் சேர்ந்ததையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நன்றாக ஓடுகிற ஒரு நாளில் ஒரு மாதிரியை எடுத்துப் பத்திரப்படுத்தி வைத்திருந்தால் பாதி வேலை முடிந்தது.

## அறிகுறி 1: எண்ணே வரவில்லை, இணைப்பே கிடைக்கவில்லை

### பெயர் தெரியவில்லை என்கிறது

டிஎன்எஸ், அதாவது தளத்தின் பெயரை ஐபி எண்ணாக மாற்றும் அமைப்பு. முதலில் அந்த சர்வரின் ஹோஸ்ட்ஸ் ஃபைலைத் திறந்து பாருங்கள். யாரோ தற்காலிகமாகப் போட்ட பழைய ஐபி அதில் உட்கார்ந்திருக்கும். நீக்கினால் சரி.

### நேரம் தீர்ந்தது என்கிறதா, மறுக்கப்பட்டது என்கிறதா?

இரண்டும் வேறு. மறுக்கப்பட்டது என்றால் இயந்திரம் வரை போய்விட்டீர்கள், அந்தப் போர்ட்டில் கேட்க ஆள் இல்லை. போர்ட் எண்ணைச் சரிபாருங்கள், எதிர்ப்பக்க சர்வீஸ் ஓடுகிறதா என்று கேளுங்கள். நேரம் தீர்ந்தது என்றால் நடுவில் ஒரு ஃபயர்வால் சத்தமில்லாமல் விழுங்குகிறது.

சின்ன அலுவலகங்களில் நேரம் தீர்வதற்கு முக்கால்வாசிக் காரணம் ஐபி மாறிப்போனது. வங்கியும் யார்டும் உங்கள் ஐபியைப் பட்டியலில் சேர்த்தால்தான் உள்ளே விடும். நீங்களோ சாதாரண பிராட்பேண்டில் இருக்கிறீர்கள். கரண்ட் போய் மோடம் மறுபடி எழும்போது புது ஐபி வந்துவிடுகிறது. இன்றைய ஐபியையும் பட்டியலில் உள்ளதையும் ஒப்பிடுங்கள். ஸ்டாட்டிக் ஐபி வாங்குவது மாதாமாதம் கொஞ்சம் செலவுதான். ஆனால் மழைக்காலத்தில் திருவொற்றியூர் பக்கம் ஆபீஸ் வைத்திருப்பவருக்கு அதில் பேரம் பேச எதுவும் இல்லை.

### கைகுலுக்கலில் விழுகிறது

இணைப்பைப் பூட்டிப் பாதுகாக்கும் நெறிமுறை டிஎல்எஸ். அதில் இரு பக்கமும் முதலில் செய்துகொள்ளும் ஒப்பந்தம்தான் கைகுலுக்கல். 'ஹேண்ட்ஷேக் ஃபெயிலியர்' என்று வந்தால் டிஎல்எஸ் பதிப்பைப் பாருங்கள். டிஎல்எஸ் 1.0-உம் 1.1-உம் 2021 மார்ச்சில் அதிகாரபூர்வமாகவே கைவிடப்பட்டுவிட்டன. எதிர்ப்பக்கம் 1.2-க்குக் கீழே பேசாது. உங்கள் பக்கம் ஜாவா 7 என்றால் அதற்கு 1.2 தெரியும், ஆனால் கிளையன்டாகப் போகும்போது பொதுவாகத் தானாக எடுத்துக்கொள்ளாது. டாட்நெட் 4.5-உம் அப்படியே. இரண்டிலும் அமைப்பில் ஒரு வரி மாற்றினால் போதும்.

விண்டோஸ் சர்வர் 2003 இன்னும் ஓடுகிற இடமும் உண்டு. அதில் 1.2 கிடையாது. மென்பொருளைப் புதிதாக எழுதச் சொல்ல முதலாளி ஒப்புக்கொள்ள மாட்டார். அப்போது பக்கத்தில் ஒரு சின்ன லினக்ஸ் பெட்டியில் என்ஜின்எக்ஸ் என்ற ப்ராக்ஸி மென்பொருளைப் போட்டு, பழைய மென்பொருள் அதனிடம் சாதாரண எச்டிடிபியில் பேசட்டும், அது வெளியே டிஎல்எஸ் 1.2-இல் பேசட்டும். இதில் ஒரு பொறி உண்டு. வெளியே போகும்போது தளத்தின் பெயரைக் கைகுலுக்கலில் சொல்லும் அமைப்பு, அதாவது 'ப்ராக்ஸி எஸ்எஸ்எல் சர்வர் நேம்', என்ஜின்எக்ஸில் டிஃபால்ட்டாக ஆஃப். ஒரே ஐபியில் பல தளங்கள் இருக்கும் எதிர்ப்பக்கம் என்றால் அதை ஆன் செய்யாத வரை தப்பான சான்றிதழ் வரும், அல்லது கைகுலுக்கலே விழும். அந்தப் பெட்டி அலுவலக லேனுக்கு மட்டும் திறந்திருக்க வேண்டும், வெளியே அல்ல.

### சான்றிதழை நம்ப மறுக்கிறது

சர்வரின் கடிகாரத்தைப் பாருங்கள். மதர்போர்டின் காசு பேட்டரி செத்திருந்தால் ஒவ்வொரு கரண்ட் கட்டுக்குப் பிறகும் தேதி எங்கோ பின்னால் போய் நிற்கும். அந்தத் தேதியில் இந்தச் சான்றிதழே பிறந்திருக்காது. சிஆர்2032 பேட்டரி எந்த வாட்ச் கடையிலும் கிடைக்கும்.

கடிகாரம் சரி, ப்ரௌசரில் திறக்கிறது, ஜாவா மட்டும் 'பிகேஐஎக்ஸ் பாத் பில்டிங் ஃபெயில்ட்' என்கிறதா? எதிர்ப்பக்கம், தன் சான்றிதழை நம்பகமான வேர்ச் சான்றிதழோடு இணைக்கும் இடைநிலைச் சான்றிதழை அனுப்பவில்லை. ப்ரௌசர்கள் அதைத் தாமாகத் தேடி எடுத்துக்கொள்ளும், ஜாவா சாதாரணமாக எடுக்காது. நிரந்தரத் திருத்தம் அவர்கள் கையில். அவர்கள் சரியாக அனுப்பியும் இதே பிழை வந்தால் உங்கள் பக்கத்து வேர்ச் சான்றிதழ்ப் பட்டியல் பழசு. 2021 செப்டம்பர் 30 அன்று, சான்றிதழ் வழங்கும் லெட்ஸ் என்க்ரிப்ட் சார்ந்திருந்த பழைய வேர்ச் சான்றிதழ் காலாவதியானபோது, ஓப்பன்எஸ்எஸ்எல் 1.0.2 என்ற பழைய டிஎல்எஸ் லைப்ரரி வைத்திருந்த பல சர்வர்கள் இப்படித்தான் ஒரே நாளில் வாயடைத்துப்போயின.

சரிபார்ப்பையே அணைத்துவிடுவதை யாராவது தீர்வாகச் சொன்னால், அதுவும் வங்கிக்குப் போகும் இணைப்பில், அந்த ஆளை மாற்றுங்கள்.

ஆளைக் கூப்பிட வேண்டிய கட்டம்: ஐபி, கடிகாரம், டிஎல்எஸ் பதிப்பு மூன்றும் சரி, இன்னும் விழுகிறது என்றால் நெட்வொர்க் ஆள். சான்றிதழ்ச் சங்கிலி பாதியில் நின்றால் எதிர்ப்பக்க சப்போர்ட். கர்ல் வெளியீட்டையும் சேர்த்தே அனுப்புங்கள். "வேலை செய்யவில்லை" என்று மட்டும் எழுதினால் "மீண்டும் முயலவும்" என்றுதான் பதில் வரும்.

## அறிகுறி 2: 400, 405, 413, 415 என்று திருப்பி அனுப்புகிறது

இவை எளிது, வேகமாகப் போய்விடலாம்.

### 415

தரவு எந்த வடிவம் என்று சொல்லும் கன்டென்ட் டைப் ஹெடர். ஜேசன் வடிவில் அனுப்பிவிட்டு ஃபார்ம் வடிவம் என்று சொல்லியிருப்பீர்கள். எக்ஸ்எம்எல்லில் பேசும் சோப் சர்வீஸ் என்றால் பதிப்பு: 1.1 'டெக்ஸ்ட் எக்ஸ்எம்எல்' கேட்கும், 1.2 'அப்ளிகேஷன் சோப் பிளஸ் எக்ஸ்எம்எல்' கேட்கும். பழைய லைப்ரரியின் அமைப்பில் பதிப்பு எண்ணை மாற்றினால் முடிந்தது.

### 400, ஆனால் ஜேசன் கண்ணுக்குச் சரியாக இருக்கிறது

கண்ணுக்குத் தெரியாதது இருக்கிறது. விண்டோஸ் நோட்பேடில் சேமித்த ஃபைல் என்றால் தொடக்கத்தில் பிஓஎம் என்ற மூன்று பைட் ஒட்டியிருக்கலாம். மாதிரியை வேர்டிலிருந்து எடுத்து ஒட்டியிருந்தால் நேர் மேற்கோள் வளைந்த மேற்கோளாகியிருக்கும். ஹெக்ஸ் பார்வையில் திறந்தால் இரண்டும் உடனே தெரியும்.

### 405, அல்லது உடல் இல்லாமல் போய்ச் சேருகிறது

நீங்கள் தரவைக் கொடுக்கும் போஸ்ட் முறையில் அனுப்பினீர்கள், அங்கே தரவைக் கேட்கும் கெட் முறையாகப் போய் நிற்கிறது. நடுவில் 301 அல்லது 302 திருப்பிவிட்டிருக்கிறது. பல கிளையன்ட்கள் அங்கே போஸ்ட்டை கெட் ஆக்கி உடலை, அதாவது அனுப்பிய தரவை, உதறிவிடும். முகவரியில் எச்டிடிபிஎஸ் போட்டீர்களா, கடைசிச் சாய்கோடு வேண்டுமா வேண்டாமா என்று பாருங்கள். எதிர்ப்பக்கம் உங்களுடையதே என்றால் 307 அல்லது 308 கொடுங்கள், அவை முறையை மாற்றாது.

### 413

உடல் பெரிது. என்ஜின்எக்ஸின் டிஃபால்ட் எல்லை 1 எம்பி. "பிடிஎஃப் 800 கேபிதானே சார்" என்பார்கள். அதை பேஸ்64 என்ற எழுத்து வடிவமாக்கி ஜேசனுக்குள் வைத்தால் மூன்றில் ஒரு பங்கு கூடி 1,060 கேபியைத் தாண்டிவிடும். எல்லையைக் கூட்டுங்கள், அல்லது ஸ்கேனர் ஆளிடம் சொல்லிப் பில் ஆஃப் லேடிங்கைக் கறுப்பு வெள்ளையில் எடுக்கச் சொல்லுங்கள்.

## அறிகுறி 3: 401 அல்லது 403, "நேற்று வரை ஓடியது"

### டோக்கனும் சாவியும்

டோக்கன் காலாவதியா, சோதனைத் தளத்தின் சாவியை நிஜத் தளத்துக்கு அனுப்புகிறீர்களா என்று பாருங்கள். பெரும்பாலும் இங்கேயே முடியும்.

### கடிகாரம், மறுபடியும்

டிஜிட்டல் கையெழுத்திட்ட கோரிக்கைகளில் நேரமும் சேர்ந்து போகும். சில நிமிடம் தள்ளியிருந்தாலும் எதிர்ப்பக்கம் மறுக்கும். கடிகாரத்தைத் தானாகத் திருத்தும் என்டிபி ஓடுகிறதா என்று பாருங்கள்.

### ஹெடர் போய்ச் சேரவில்லை

ஹெடரின் பெயரில் அடிக்கோடு இருந்தால் என்ஜின்எக்ஸ் அதைப் பேச்சு மூச்சில்லாமல் நீக்கிவிடும். டிஃபால்ட் அப்படி. நேராக அடித்தால் ஓடும், ப்ராக்ஸி வழியாக வந்தால் 401. ஹெடர் பெயரில் அடிக்கோட்டுக்குப் பதிலாக இணைப்புக்கோடு வையுங்கள்.

### கையெழுத்து பொருந்தவில்லை

பிஎச்பிக்கும் வேறு மொழிக்கும் நடுவில் இது அதிகம். பிஎச்பியின் ஜேசன் என்கோடர் சாய்கோட்டுக்கு முன் ஒரு பின்சாய்கோடு போடும், தமிழ் எழுத்துகளை யூனிகோடு எண்களாக மாற்றிவிடும். இரண்டும் டிஃபால்ட். எதிர்ப்பக்கம் அதைப் பிரித்துப் படித்து, தன் பாணியில் மறுபடி ஜேசனாக்கி, அதற்குக் கையெழுத்துக் கணக்கிடும். பொருள் ஒன்று, பைட்டுகள் வேறு, கையெழுத்தும் வேறு. சாய்கோடு இல்லாத இன்வாய்ஸ் எண்ணை நம் ஊரில் யார் வைத்திருக்கிறார்கள்? அதனால்தான் சோதனையில் 'ஏபிசி123' என்று போட்டபோது ஓடியது, நிஜப் பில்லில் ஓடவில்லை.

அனுப்பும் பக்கம் எந்த பைட்டுகளுக்குக் கையெழுத்திட்டதோ அதையே அனுப்ப வேண்டும். பெறும் பக்கம் பிரிப்பதற்கு முன், வந்த பைட்டுகளிலேயே சரிபார்க்க வேண்டும்.

ஆளைக் கூப்பிட வேண்டிய கட்டம்: எல்லாம் சரியாக இருந்தும் 403 என்றால் உங்கள் கணக்குக்கு அந்த அனுமதி கொடுக்கப்படவில்லை. எதிர்ப்பக்கத்து ஆள்தான் திறக்க வேண்டும். அவருக்கு அனுப்பும் லாக்கில் சாவியை மறைத்துவிடுங்கள்.

## அறிகுறி 4: 200 வருகிறது, ஆனால் விவரம் தப்பு

எல்லாவற்றிலும் மோசமானது இதுதான். பிழை என்று யாரும் சொல்ல மாட்டார்கள். மாதக் கடைசியில் ஆடிட்டர்தான் கண்டுபிடிப்பார். இங்கே கொஞ்சம் நிதானமாகப் போகலாம்.

### முன்னால் இருந்த பூஜ்யத்தைக் காணோம்

காசிமேட்டுக்காரர்களுக்கு அடிக்கடி வரும். மீனும் இறாலும் எச்எஸ்என் என்ற பொருள் வகைக் குறியீட்டுப் பட்டியலில் 3-ஆம் அத்தியாயம், குறியீடு 03 என்று தொடங்கும். உறைய வைத்த இறால் 0306 வரிசையில் வரும். இதை எண்ணாக வைத்தால் 306 ஆகிவிடும். ஜேசனில் பூஜ்யத்தில் தொடங்கும் எண்ணை எழுதவே முடியாது. எக்ஸெல் வழியாக வந்தால் அங்கேயே தொலைந்திருக்கும். கூட்டிக் கழிக்காத எதையும் எழுத்துச் சரமாக வையுங்கள்: எச்எஸ்என், வங்கிக் கணக்கு எண், போன் எண். எம்.சி. ரோட்டு ஜவுளிக்காரருக்கு இந்தத் தொல்லை வராது, அவருடைய அத்தியாயங்கள் 50-க்கு மேலே. அதனால் அவருக்குச் சரியாக ஓடிய மென்பொருளையே மீன்காரருக்குக் கொடுக்கும்போது வெடிக்கிறது.

### நீள எண்ணின் கடைசி இலக்கம் மாறுகிறது

ஜாவாஸ்கிரிப்ட் 9007199254740991 வரைதான் முழு எண்ணைத் துல்லியமாக வைத்திருக்கும். 9007199254740993 அனுப்பினால் 9007199254740992 என்று படிக்கும், ஒரு எச்சரிக்கையும் வராது. 12 இலக்க இ-வே பில் எண் தப்பித்துவிடும். 64 பிட் பரிவர்த்தனை ஐடி 19 இலக்கம் வரை போகும், அது மாட்டும். ட்விட்டரே 2010-இல் இதற்காகத் தன் ஏபிஐயில் எண்ணுக்குப் பக்கத்தில் அதே ஐடியைச் சரமாகவும் அனுப்பத் தொடங்கியது. நீங்களும் சரமாகக் கேளுங்கள்.

### தொகை நூறு மடங்கு

பேமென்ட் ஏபிஐகள் பலவும் பைசாவில் பேசும். 50000 என்றால் 500 ரூபாய். ஆவணத்தில் அலகு எழுதியிருக்கும், படித்திருக்க மாட்டோம். நிஜத் தளத்தில் ஒரு ரூபாய்ப் பரிவர்த்தனை ஒன்றை முதலில் விட்டுப் பாருங்கள்.

### தேதி தவறு

எப்படித் தவறுகிறது என்பதிலேயே காரணம் தெரிந்துவிடும்.

- மாதம் 12 தேதி வரை ஓடி, 13-ஆம் தேதி விழுகிறது: ஒரு பக்கம் நாள்/மாதம், மறு பக்கம் மாதம்/நாள். விழுந்தது நல்லது. முதல் 12 நாளில் போனவை தப்பான மாதத்தில் உட்கார்ந்திருக்கும், அவற்றையும் தேடித் திருத்த வேண்டும். இ-வே பில், இ-இன்வாய்ஸ் இரண்டும் நாள்/மாதம்/வருடம் கேட்பவை.
- எல்லாப் பில்லும் 1970 ஜனவரி: நொடியில் வந்ததை மில்லிநொடியாகப் படிக்கிறது. 10 இலக்கம் என்றால் நொடி, 13 என்றால் மில்லிநொடி.
- விடியற்காலைப் பில்கள் மட்டும் முந்தைய நாளில்: நேர மண்டலம். காசிமேட்டில் வியாபாரம் இருட்டோடு தொடங்கிவிடும். அதிகாலை 5.30-க்கு முன் போட்ட பில், யுடிசி என்ற உலகப் பொது நேரத்தில் இன்னும் நேற்று. நேரத்தை +05:30 சேர்த்தே அனுப்புங்கள், நாளை மட்டும் வெட்டி எடுப்பதை இந்திய நேரத்துக்கு மாற்றிய பிறகு செய்யுங்கள்.
- அந்த +05:30 சேர்த்ததும் 400 வருகிறது: முகவரியின் கேள்விப் பகுதியில் கூட்டல் குறி வெற்றிடமாகப் படிக்கப்படும். '%2' போட்டுப் பின்னால் 'பி' எழுத்து வரும் வடிவத்தில் மாற்றி அனுப்ப வேண்டும்.
- டிசம்பர் கடைசி நாள்களில் மட்டும் வருடம் ஒன்று கூடுகிறது: ஜாவா வடிவமைப்பில் வருடத்துக்குச் சிறிய 'ஒய்' போடுவதற்குப் பதில் பெரியதைப் போட்டிருக்கிறார்கள். பெரியது வாரக் கணக்கு வருடம். 2024 டிசம்பர் 31 அதில் 2025. மற்ற நாளெல்லாம் ஒழுங்காக ஓடுவதால் சோதனையில் சிக்காது.

### தமிழ்ப் பெயர் சிதைகிறது

இதற்கு நான் வைத்திருக்கும் சோதனைச் சொல் கொருக்குப்பேட்டை. நம் ஏரியா பெயர், எல்லாக் குறையையும் ஒன்றாக வெளியே கொண்டுவந்துவிடும்.

வெறும் கேள்விக்குறிகளாக வந்தால் எழுத்து அழிந்துவிட்டது, திரும்ப எடுக்க முடியாது. எஸ்க்யூஎல் சர்வர் தரவுத்தளத்தில் வார்ச்சார் வகைப் பத்தியை யூனிகோடு ஏற்கும் என்வார்ச்சார் ஆக்கிவிட்டு மறுபடி அனுப்பச் சொல்லுங்கள்.

மேலே சாய்ந்த கோடு போட்ட 'ஏ'வும் வட்டத்துக்குள் 'ஆர்' குறியும் மாறி மாறி வந்தால் நல்ல செய்தி. பைட்டுகள் பிழைத்திருக்கின்றன, யுடிஎஃப்-8 என்ற எழுத்துக் குறியாக்கத்தில் வந்ததை லத்தீன்-1 என்ற பழைய குறியாக்கமாகப் படித்திருக்கிறார்கள். படிக்கும் இடத்தில் என்கோடிங்கைச் சொன்னால் போதும்.

கடைசி எழுத்து மட்டும் கறுப்பு வைரத்துக்குள் கேள்விக்குறியாக வந்தால் நீளத்தை பைட் கணக்கில் வெட்டுகிறார்கள். கொருக்குப்பேட்டை வாய்க்கு எட்டு எழுத்து, யூனிகோடுக்குப் பதினாறு குறி, யுடிஎஃப்-8-இல் 48 பைட். ஊர்ப் பெயருக்கு 40 பைட் ஒதுக்கிய ஃபைல் வடிவில் அது அடங்காது. ஆங்கிலப் பெயரை வைத்து அளவு குறித்தவர் இதை நினைத்திருக்க மாட்டார். ஆரக்கிளில் பத்தியின் அளவு டிஃபால்ட்டாக பைட் கணக்குதான் என்பதும் நினைவிருக்கட்டும்.

இன்னொன்று உண்டு, அதற்குத்தான் பலர் தலையைப் பிய்த்துக்கொள்வார்கள். இரண்டு பக்கமும் கொருக்குப்பேட்டை என்று அச்சு அசலாக ஒரே மாதிரி தெரியும், தேடினால் கிடைக்காது. முதல் எழுத்தைப் பாருங்கள். 'கொ' என்பதை யூனிகோடில் இரண்டு விதமாக எழுதலாம்: 'க'வோடு ஒரே ஒகரக் குறி, அல்லது 'க'வோடு ஒற்றைக் கொம்பும் துணைக்காலும் தனித்தனியாக. திரையில் வித்தியாசம் கிடையாது. பைட்டில் 48, 51. 'கோ', 'கௌ' வரிசைகளுக்கும் இதே கதை. ஒப்பிடும் முன் இரு பக்கமும் என்எஃப்சி என்ற சீரான யூனிகோடு வடிவத்துக்கு மாற்றினால் தீர்ந்தது. ஜாவா, பைத்தான், டாட்நெட் எல்லாவற்றிலும் அதற்கென்றே ஒரு ஃபங்ஷன் உள்ளது.

ஆளைக் கூப்பிட வேண்டிய கட்டம்: தரவுத்தளத்தில் உள்ளது யூனிகோடே அல்ல, பாமினி போன்ற பழைய எழுத்துரு முறையில் ஏற்றியது என்றால் நீங்களே கை வைக்காதீர்கள். ஃபான்ட் மாற்றினால் ஆங்கிலக் குப்பையாகத் தெரியும், அதுதான் அடையாளம். மாற்றுக் கருவிகள் உண்டு, ஆனால் ஒரே பத்தியில் ஆங்கிலமும் தமிழும் கலந்திருக்கும்போது ஆங்கிலத்தையும் தமிழாக்கிவிடும். இந்த வேலையில் பழக்கமுள்ளவரிடம், முழு பேக்கப் எடுத்த பிறகு கொடுங்கள்.

### குறியீடு பொருந்தவில்லை

சென்னைத் துறைமுகத்தை ஐ.நா. இடக் குறியீட்டில் 'ஐஎன்எம்ஏஏ' என்பார்கள். சுங்கத்துறை அதன் பின்னால் ஒரு எண் சேர்க்கும்: கடல் வழி என்றால் 'ஐஎன்எம்ஏஏ1', விமானம் என்றால் 4. ஐந்து எழுத்தை மட்டும் அனுப்பும் சர்வீஸும் எண்ணோடு சேர்த்து ஆறை எதிர்பார்க்கும் சர்வீஸும் சந்தித்தால் "துறைமுகம் தெரியவில்லை" என்று வரும். எல்லாவற்றுக்கும் 1 சேர்த்துவிட்டு நிம்மதியாக இருக்கக் கூடாது. நடுவில் ஒரு அட்டவணை வையுங்கள், அதில் எண்ணூரும் காட்டுப்பள்ளியும் தனித்தனி வரியாக இருக்கட்டும். கன்டெய்னர் எண் நான்கு எழுத்தும் ஏழு இலக்கமும் சேர்ந்து பதினொன்று. கடைசி இலக்கத்துக்கு முன் கிளார்க் பழக்கதோஷத்தில் போடும் கோட்டையும் வெற்றிடத்தையும் அனுப்பும் முன் நீக்குங்கள்.

## அறிகுறி 5: எப்போதாவது மட்டும் 502, 504

### சும்மா இருந்துவிட்டு முதல் கோரிக்கை விழுகிறது

மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு போடும் முதல் பில் மட்டும் விழும், இரண்டாவது போகும். இணைப்பை யார் முதலில் மூடுகிறார்கள் என்று பாருங்கள். நோட் ஜேஎஸ் சர்வர் சும்மா இருக்கும் இணைப்பை நெடுங்காலமாக 5 நொடியில் மூடும் டிஃபால்ட்டோடு வருகிறது. முன்னால் நின்று கோரிக்கைகளைப் பிரித்து அனுப்பும் லோட் பேலன்சர் 60 நொடி வரை அது உயிரோடு இருக்கிறது என்று நம்பும். மூடிய இணைப்பில் கோரிக்கையைத் தள்ளினால் 502. பின்னால் இருப்பவரின் கீப்-அலைவ் நேரம், அதாவது சும்மா இருக்கும் இணைப்பை மூடாமல் வைத்திருக்கும் நேரம், முன்னால் இருப்பவருடையதைவிட அதிகமாக இருக்க வேண்டும். 60-க்கு 65 வையுங்கள், போதும்.

### சரியாக 60 நொடியில் 504

என்ஜின்எக்ஸ் அவ்வளவு நேரம்தான் காத்திருக்கும். நேரத்தைக் கூட்டுவது சுலபம், ஆனால் எது இழுக்கிறது என்று முதலில் பாருங்கள். பெரும்பாலும் பழைய தரவுத்தளத்தில் இண்டெக்ஸ் இல்லாத ஒரு பெரிய டேபிள்.

### சின்னது போகிறது, பெரியது தொங்குகிறது

விபிஎன் வழியாகப் போகும் இணைப்பு என்றால் எம்டியூவை, அதாவது ஒரு பாக்கெட்டின் அதிகபட்ச அளவை, சந்தேகியுங்கள். துண்டாக்கக் கூடாது என்று சொல்லி 1472 பைட் பிங் அனுப்புங்கள். அது போகாமல் 1400 போனால் நடுவழியில் எங்கோ வழி குறுகல்.

ஆளைக் கூப்பிட வேண்டிய கட்டம்: எம்டியூ என்று உறுதியானதும் நெட்வொர்க் இன்ஜினியர். ரௌட்டரில் நீங்களே எண்ணை மாற்றி, பக்கத்து அலுவலகத்தோடு பகிரும் லைனையும் சேர்த்துப் படுக்க வைக்காதீர்கள்.

## அறிகுறி 6: ஒரே பில் இரண்டு முறை

நேரம் தீர்ந்ததும் உங்கள் லைப்ரரி தானாக மறுபடி அனுப்புகிறது. முதல் கோரிக்கை அங்கே ஏற்கெனவே பதிவாகிவிட்டது, பதில்தான் வரவில்லை. போஸ்ட்டுக்கான தானியங்கி மறுமுயற்சியை அணையுங்கள். எதிர்ப்பக்கம் ஐடெம்பொட்டன்சி சாவி (அதே கோரிக்கை மறுபடி வந்தால் அடையாளம் காட்டும் குறி) ஏற்றால் ஒவ்வொரு பில்லுக்கும் ஒன்று அனுப்புங்கள், இல்லையென்றால் மறுபடி அனுப்பும் முன் "இந்த எண்ணில் பில் இருக்கிறதா" என்று கேட்டுவிட்டு அனுப்புங்கள். பணம் சம்பந்தப்பட்டது இரண்டு முறை போயிருந்தால் அது புரோகிராமர் வேலை இல்லை, வங்கி மேலாளருக்கு அன்றே எழுத்தில் கொடுங்கள்.

## அறிகுறி 7: ஒரு பக்கம் புதுப் பதிப்பு போட்டதும் மறு பக்கம் விழுகிறது

### தெரியாத புலம்

எதிர்ப்பக்கம் ஒரு புலம் கூடுதலாகச் சேர்த்திருக்கிறது. ஜாவாவில் ஜேசனைப் படிக்கும் ஜாக்சன் லைப்ரரியின் 2-ஆம் வரிசைப் பதிப்புகள் தெரியாத புலத்தைக் கண்டால் டிஃபால்ட்டாகப் பிழை எறியும். அதே லைப்ரரி ஸ்பிரிங் பூட் ஃபிரேம்வொர்க் வழியாக வந்தால் கண்டுகொள்ளாது. அதனால்தான் ஒரே நிறுவனத்தின் ஒரு சர்வீஸ் விழுகிறது, இன்னொன்று நிற்கிறது. கண்டுகொள்ளாமல் விடும்படி அமைப்பை மாற்றுங்கள்.

### இல்லாததும் வெறுமையும்

முன்பு புலமே வராது, இப்போது 'நல்' என்று வருகிறது. அல்லது புது நிலைப் பெயர் ஒன்று வந்து உங்கள் பட்டியலில் இல்லாமல் விழுகிறது. தெரியாத நிலைக்கு ஒரு பொது வழி வைத்து, கிளார்க்குக்குத் திரையில் காட்டுங்கள்.

### ஒரே பொருள் உள்ள பில் மட்டும் விழுகிறது

சோப்பிலிருந்து ஜேசனுக்கு மாறியவர்களிடம் பாருங்கள். எக்ஸ்எம்எல்லை ஜேசனாக்கும் லைப்ரரிகள் பலவும், பொருள் இரண்டு இருந்தால் பட்டியலாகக் கொடுக்கும், ஒன்று இருந்தால் பட்டியலை உடைத்து அந்த ஒன்றை மட்டும் கொடுக்கும். மாற்றியின் அமைப்பில் அந்தப் புலம் எப்போதும் பட்டியல்தான் என்று குறிப்பிடுங்கள். ஒற்றைப் பொருள் பில், பொருளே இல்லாத பில், நூறு பொருள் பில் மூன்றையும் சோதனையில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஆளைக் கூப்பிட வேண்டிய கட்டம்: எதிர்ப்பக்கம் பதிப்பு எண்ணை முகவரியில் வைத்திருந்தால் இப்போதைக்குப் பழைய முகவரிக்கே திரும்பி வண்டியை கேட்டிலிருந்து வெளியே எடுங்கள். பிறகு பழையதை எந்தத் தேதியில் அணைக்கப்போகிறார்கள் என்று மின்னஞ்சலில் கேட்டு வாங்குங்கள். புலத்தின் பெயர் மாறியது மட்டும் என்றால் நடுவில் ஒரு சின்ன அடாப்டர் போதும், ஒரு வாரத்து வேலை. பில் போடும் வரிசையே மாறியிருந்தால், அதாவது முன்பு ஒரே அழைப்பில் முடிந்தது இப்போது மூன்று அழைப்பும் ஒரு திரும்பு அழைப்புமாக ஆகியிருந்தால், அடாப்டரில் ஒட்டுப்போடாதீர்கள். பழைய மென்பொருளின் மூலநிரல் யாரிடம் இருக்கிறது என்று அன்றைக்கே தேடத் தொடங்குங்கள், எழுதியவர் போன் நம்பரை மாற்றியிருப்பார். ஆளைப் பிடிப்பதை அணைக்கும் தேதிக்கு மூன்று மாதம் முன்பே செய்யுங்கள். கடைசி வாரத்தில் வந்தால் நானும் ஒன்றரை மடங்குதான் கேட்பேன்.